பெப்ரவரி பன்னிரண்டில் பிறந்தவர்கள்

கைபேசி அலறியது!

காலை ஆறு ஐம்பது. சிவரூபி மடிக்கணினியில் இருந்து கையை எடுக்காமலே திரையைப் பார்த்தாள்.

பிரதீபன். அவளுடைய ஆசிரியர், முதலாளி இரண்டும் அவன்தான். ‘மருதவெளி’ இணையச் செய்தித்தளத்தை நடத்துகிறவன். அதில் ‘இதே நாளில்’ என்ற பகுதி சிவரூபிக்கு. யார் பிறந்தார், என்ன நடந்தது என்று நாள்தோறும் ஏழு மணிக்கு ஏற்ற வேண்டும். வரலாற்றில் சிறப்புப் பட்டம் எடுத்தவளுக்கு அரசாங்கம் வேலை தரவில்லை. பிரதீபன் தந்தான்.

திரையில் அன்றைய பட்டியல் பாதியில் நின்றது.

பெப்ரவரி 12.

1809 – ஆபிரகாம் லிங்கன் பிறந்தார். அதே நாள், அதே வருடம் சார்ள்ஸ் டார்வினும் பிறந்தார். என்ன ஆச்சரியம்!

1912 – சீனாவின் ஆறு வயதுச் சக்கரவர்த்தி முடி துறந்தார்.

1948 – காந்தியின் அஸ்தி கரைக்கப்பட்டது.

“ரூபி! என்ன செய்யிறீர்?”

“இதே நாளில் போட்டுக்கொண்டிருக்கிறன் அண்ணை.”

“லிங்கனைத் தூக்கி அங்கால வையும்! முரசுமோட்டைப் பக்கம் வாய்க்காலுக்குள்ள ஒரு சவம் கிடந்ததாம்!”

“ஐயோ... ஆர் அண்ணை?”

“ஆரோ ஒரு தோட்டக்காட்டுக் கிழவன். எட்டாம் வாய்க்கால் குடியிருப்பு ஆள். மண்டை உடைஞ்சு கிடக்காம். குடிவெறியில விழுந்திருக்கும்... இல்லாட்டி மோன் அடிச்சிருப்பான். நாலு வரி காணும்.”

எட்டாம் வாய்க்கால்!

சிவரூபியின் அப்பா இருக்கும் குடியிருப்பு.

“என்ன, சத்தத்தைக் காணேல்லை? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாரும். என்னையும் ஏத்தும். என்ர கார் திருத்த கராஜில விட்டிருக்கு.”

தொடர்பு அறுந்தது.

அவள் உடனே இன்னொரு இலக்கத்தை அழுத்தினாள்.

அணைக்கப்பட்டிருந்தது.

மறுபடி. அணைக்கப்பட்டிருந்தது!

அப்பா பொன்னையா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும்தான் கைபேசியைப் போடுவார். மகள் கதைக்கும் நாள் அது. மகள் கதைத்து மூன்று மாதம். இன்றைக்கு என்ன கிழமை என்று யோசிக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

*

மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்தது இதுதான்.

பொன்னையா மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு அலுவலக வாசலில் வந்து நின்றார். இடுப்பில் செம்மண் ஏறிய சாரம். வாடகைக்கு எடுத்த சைக்கிள்.

“ஆர் ரூபி உந்தாள்?” என்று பிரதீபன் கேட்டான்.

அலுவலகத்தில் அவள் சொல்லி வைத்திருந்த கதை வேறு. முரசுமோட்டையில் பத்து ஏக்கர் வயல். பரம்பரைக் காணி. எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்த குடும்பம் என்ற ஒரு வரி அந்தக் கதையில் எங்குமே இல்லை.

“அவரோ... எங்கட வளவில வேலை செய்யிறவர் அண்ணை.”

அப்பாவுக்கு அது கேட்டது.

 மூட்டையை இறக்கி வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அம்மா... கிழங்கு கொண்டாந்திருக்கேங்க. வச்சிட்டுப் போறேங்க.”

தன் மகளிடம்! ‘ங்க’ போட்டு!

கிழங்கை அன்று பிரதீபன்தான் அவித்துத் தின்றான். நல்ல மாக்கிழங்கு என்றும் சொன்னான்.

*

ஸ்கூட்டி பறந்தது. பிரதீபன் பின்னால் இருந்தான்.

செத்தவரின் பெயர் என்ன? ஒரே ஒரு கேள்வி. நாக்கு வரை வந்தது. கேட்டால் ‘ஏன், தெரிஞ்ச ஆளோ?’ என்று அவன் கேட்பான்.

அப்பா செத்திருக்கலாம் என்ற பயத்தை விட அந்தக் கேள்வி மேல் உள்ள பயம் பெரிதாக இருந்தது. அது எவ்வளவு கேவலம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஆனாலும் கேட்கவில்லை.

பொலிஸ் நிலையம். வெளியே வேப்ப மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர். எட்டாம் வாய்க்கால் சனம். அரைவாசி வெட்டின வயலை விட்டு வந்த கோலம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அவர்களில் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

உள்ளே மர வாங்கில் ஒரு இளைஞன் குந்தியிருந்தான். சேட்டில் இரத்தம். கண் வீங்கிச் சிவந்திருந்தது.

அஜந்தன்!

அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில் படித்தவன். அவன் அப்பா காத்தமுத்து.

அப்படியென்றால் செத்தது காத்தமுத்து மாமா. அப்பா இல்லை.

அப்பாடா!

மனதுக்குள் அந்தச் சொல் வந்துவிட்டது. எத்தனையோ நாள் பசிக்கு அவித்த சோளத்தை அவளுக்கும் பங்கு வைத்த மனுசன் பிணமாகக் கிடக்கிறார். இவளுக்கு ‘அப்பாடா’!

அஜந்தன் நிமிர்ந்தான். “ரூ...”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குறிப்புக் கொப்பியைத் திறந்து, தேவையே இல்லாமல் திகதி எழுதினாள்.

அஜந்தன் வாயை மூடிக்கொண்டான்.

*

இன்ஸ்பெக்டர் விஜிதரன் மேசைக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நரை விழுந்த மீசை. அவசரமே தெரியாத கண்கள்.

“வாங்கோ பிரதீபன். போனில ஏதோ சாட்சி சொல்லவேணும் எண்டீங்கள்?”

“ஓம் சேர். பொறுப்புள்ள ஊடகக்காரன் நான். கண்டதைச் சொல்லாமல் இருக்கேலாது.” அவன் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான். “நேற்றுப் பின்னேரம் ஆறு மணி இருக்கும். வாய்க்கால் ரோட்டால காரில வந்தனான். இந்தக் கிழவர் நடந்து போனவர். பாவம் எண்டு நிப்பாட்டிக் கதை குடுத்தன்.”

“என்ன சொன்னவர்?”

“அழுதார் சேர்! ‘தம்பி, நாளைக்கு என்ர பிறந்தநாள். பெத்த மோன் ஒரு சேட்டுக்கூட எடுத்துத் தரமாட்டான். அடிக்க வாறான்’ எண்டு அழுதவர். நான் ஆறுதல் சொல்லிப்போட்டு வந்திட்டன். கண்ணாடியில பாக்கிறன்... இவன் சைக்கிளில கிழவரைத் துரத்திக்கொண்டு போறான்!”

“பொய்!” அஜந்தன் துள்ளி எழும்பினான். “பொய் சேர்! நான் அப்ப வயலில நெல்லுக் கட்டிக்கொண்டு நிண்டனான்!”

“இரு!” என்றார் விஜிதரன். “நேற்று மத்தியானம் கொப்பனை ஏசினது உண்மையோ இல்லையோ?”

“உண்மை...”

“என்னெண்டு ஏசினனி?”



“காலில புண்ணோட வயலுக்கு அருவி வெட்டப் போகவேண்டாம் எண்டனான். கேக்கேல்லை. ‘போய்ச் செத்துத் துலை’ எண்டிட்டன் சேர்.” அவன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். “விடிய சவத்தைத் தூக்கினதும் நான்தான். இந்த ரத்தம் அதுதான்.”

விஜிதரன் மேசை லாச்சியைத் திறந்தார். ஈரம் காயாத அடையாள அட்டை ஒன்றை எடுத்தார்.

“பிரதீபன் சொல்லுறதில ஒரு விசயம் சரியாத்தான் வருது. இந்த அட்டை செத்தவற்ற சேட்டுப் பொக்கற்றில கிடந்தது. நான்தான் எடுத்தனான். எடுத்த நேரம் தொட்டு இந்த லாச்சிக்குள்ளதான். ஒருத்தருக்கும் காட்டேல்லை.” அவர் இலக்கத்தில் விரலை வைத்தார். “ஐந்து, எட்டு, பூச்சியம், நாலு, மூண்டு. ஐம்பத்தெட்டாம் ஆண்டு, நாற்பத்து மூண்டாம் நாள். ஜனவரி முப்பத்தொண்டு போனால்... பெப்ரவரி பன்னிரண்டு. இண்டைக்குத்தான் கிழவற்ற பிறந்தநாள்!”

“பாத்தியளோ சேர்!” பிரதீபன் கையை விரித்தான். “கிழவர் தன்ர வாயால சொல்லாட்டி எனக்கெப்படித் தெரியும்?”

“அதுதான். இவர் உண்மைதான் சொல்லுறார்.” விஜிதரன் பேனையை எடுத்தார். “அஜந்தனை உள்ள போடு!”

கொன்ஸ்தாபிள் அஜந்தனின் கையைப் பிடித்தான்.

சிவரூபியின் பேனா கொப்பியில் குத்தி நின்றது.

பொய்!

பச்சைப் பொய்!

எட்டாம் வாய்க்காலில் எந்த மனிதனும் பெப்ரவரி பன்னிரண்டை என் பிறந்தநாள் என்று சொல்ல மாட்டான். செத்தாலும் சொல்ல மாட்டான். அது அவளுக்குத் தெரியும். அந்த அறைக்குள் அவளுக்கும் அஜந்தனுக்கும் மட்டும்தான் தெரியும். அஜந்தன் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவள் சொல்ல வேண்டும்.

சொன்னால் அடுத்த கேள்வி, ‘உமக்கெப்படித் தெரியும்?’

பத்து ஏக்கர் வயல், பரம்பரைக் காணி எல்லாம் போய்விடும்.

சொன்னால் ஊர்ச் சனத்தின் அட்டைக்கு எல்லாம் கேள்வி வருமே என்றும் நினைத்தாள். அது வெறும் சாட்டு. உண்மையான காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வெட்கம்.

அஜந்தன் இழுபட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தான். கெஞ்சவில்லை. ‘உன்னை எனக்குத் தெரியும்’ என்ற ஒரு பார்வை. அவ்வளவுதான்.

கம்பிக் கதவு திறந்தது.

“சேர்!”

தன் குரல்தானா என்று சிவரூபிக்கே சந்தேகமாக இருந்தது.

“என்ன பிள்ளை?”

“அது... அது அவற்ற பிறந்தநாள் இல்லை.”

“அட்டையில கிடக்கு.”

“அட்டையில மட்டும்தான் கிடக்கு!” மூச்சை இழுத்துக்கொண்டாள். “அந்த ஊரில முப்பத்தொரு பேருக்கு அட்டையில அதே நாள்தான் சேர். தோட்டத்தில பிறந்த சனம். கலவரத்தில லயத்து வீடுகளோட சேர்த்துப் பத்திரமெல்லாம் எரிஞ்சு போச்சு. இருபது வருசத்துக்கு முந்தி ஒரு நடமாடும் சேவை வந்தது. உத்தேச வயதுச் சான்றிதழ் குடுத்தவை. எல்லாருக்கும் ஒரே நாள் விழுந்திட்டுது. அட்டையைப் பறிச்சுப்போடுவினமோ எண்டு வெளியாளுக்கு ஒருத்தரும் மூச்சு விடமாட்டினம். காத்தமுத்து மாமாட்டக் கேட்டால் காமன் கூத்தில காமனை எரிச்ச அண்டைக்குப் பிறந்தனான் எண்டுதான் சொல்லுவார்!”

“மாமாவோ?” பிரதீபன் புருவத்தை உயர்த்தினான்.

“ஓம். மாமா.” அவள் அவனைப் பார்க்கவில்லை. “நான் எட்டாம் வாய்க்கால். என்ர அப்பாவும் அந்த முப்பத்தொரு பேரில ஒருத்தர்.”

பிரதீபன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான்!

“சேர், இந்தப் பிள்ளைக்கு விடியக் காலமை சாப்பாடில்லைப் போல! முரசுமோட்டையில பத்து ஏக்கர் வயல்காரற்ற மோள் சேர் இவா! அந்த ஊர்க் கிழவன் ஒருத்தன் இவையின்ர வளவில வேலை செய்யிறவன். நானே கண்டிருக்கிறன். அந்தப் பாசத்தில உளறுறா.”

விஜிதரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்பான்ர பேர் என்ன பிள்ளை?”

“பொன்னையா.”

“வெளியில நிக்கிறாரோ?”

அவளுக்குத் தெரியவில்லை. முகங்களைப் பார்த்திருந்தால்தானே!

கொன்ஸ்தாபிள் வாசலில் நின்று கூப்பிட்டான். “பொன்னையா! ஆர் பொன்னையா? உள்ள வா!”

செம்மண் ஏறிய சாரத்தோடு அவர் உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

உயிரோடு இருந்தார்! அழுகை முட்டியது அவளுக்கு.

“ஐயா, உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லவேணும்.” விஜிதரன் சிவரூபியைக் காட்டினார். “இந்தப் பிள்ளை உங்கட மகளோ?”

பொன்னையா அவளைப் பார்த்தார்.

பிறகு பிரதீபனைப் பார்த்தார். அலுவலகத்தில் பார்த்த அதே ஆள். அதே கதிரைத் தோரணை.

அவருக்கு விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தார்.

“இல்லீங்க ஐயா,” என்றார் நிதானமாக. “நான் அவங்க வளவுல வேலை செய்றவனுங்க.”



பிரதீபன் தொடையில் தட்டினான். “முடிஞ்சுது! சேர், அவனை உள்ள போடுங்கோ!”

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் சொன்ன பொய்! எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்துவிட்டது. அவளைக் காப்பாற்றத்தான் அந்த மனிதன் அதைச் சொன்னார். அதுதான் அவளைக் கொன்றது.

“அப்பா...”

பொன்னையா தரையைப் பார்த்தார்.

“அப்பா! இல்லைன்னு சொல்லாதீங்க. நான் உங்க மகதான்னு இவங்ககிட்ட நானே சொல்லிட்டேன்.” நகரத்துக்கு வந்த நாள் தொட்டுப் பூட்டி வைத்த வீட்டுப் பேச்சு உடைத்துக்கொண்டு வந்தது. “அன்னிக்கு வாசல்ல வச்சு நான் சொன்னது பொய்ப்பா. அத இன்னிக்கு நீங்க சொல்லாதீங்க. அஜந்தன மாட்டிவிடுறாங்க! கார்ட எடுங்கப்பா!”

 பொன்னையா சாரத்து மடிப்பிலிருந்து பொலித்தீனில் சுற்றிய அட்டையை எடுத்தார். மேசையில் வைத்தார்.

60043...

“அதே நாள்!” விஜிதரன் கதிரையில் நிமிர்ந்தார்.

“வெளியில நிக்கிறவையையும் கூப்பிடுங்கோ சேர்!” என்றாள் சிவரூபி.

வந்தார்கள். ஒவ்வொருவராக. மேசையில் அட்டைகள் விழுந்தன. 52043. 55043. 61043. பெண்களுக்கு நாளோடு ஐந்நூறு கூட்டுவது வழக்கம். மீனம்மாவுக்கு 57543. சிவலட்சுமிக்கு 63543.

கொன்ஸ்தாபிள் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

விஜிதரன் தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவர் கண்களில் முதல் தடவையாக அவசரம் தெரிந்தது.

“மீனம்மா... காத்தமுத்து எப்ப பிறந்தவர்?”

“காமன் கூத்தன்னைக்குத்தாங்க ஐயா. அன்னைக்கு எங்களுக்கெல்லாம் இனிப்பு ரொட்டி குடுப்பாரு.”

“பெப்ரவரி பன்னிரண்டு என்ர பிறந்தநாள் எண்டு ஆருக்கும் சொல்லுவாரோ?”

“அதச் சொன்னா கார்டு போயிருமுங்களே!”

விஜிதரன் மெல்லத் திரும்பினார்.

“பிரதீபன்... அந்த நாள் ரெண்டு இடத்திலதான் இருந்தது. ஒண்டு கிழவற்ற வாய். அது சொல்லாது. மற்றது கிழவற்ற சேட்டுப் பொக்கற். அதை நீர் எப்ப பாத்தனீர்?”



“சே... சேர்... ஆரோ சொல்லித்தான்...”

“தன்ர வாயால சொன்னவர் எண்டல்லோ எழுதியிருக்கிறன்! உம்மட கார் எங்க?”

“வீட்டில...”

“கராஜில எண்டு காலமை சொன்னவர் சேர்,” என்றாள் சிவரூபி. “நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான்.”

கொன்ஸ்தாபிள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் கராஜுக்குப் பறந்தான். அரை மணித்தியாலம். போன் வந்தது. விஜிதரன் காதில் வைத்துக் கேட்டார். வைத்தார்.

“முன் லைட் ரெண்டாப் பிளந்து கிடக்காம். இடுக்குக்குள்ள சாரத்துண்டு. எனக்குக் காலமை ஒரு ஆள் சொன்னவன், வாய்க்கால் ரோட்டில வெள்ளைக் கார் நிண்டதெண்டு. அது உம்மட காதுக்கும் வந்திட்டுது. அதுதான் பிடிபட முதல் சாட்சியா ஓடி வந்திட்டீர், என்ன?”

பிரதீபன் கதிரையிலிருந்து வழுகித் தரையில் குந்தினான்.

“வேணுமெண்டு இல்லை சேர்! போன் பாத்துக்கொண்டு கார் ஓடினன்... குறுக்க வந்திட்டார். ஆரெண்டு பாக்கத்தான் அட்டையை எடுத்தனான்... திருப்பி வச்சிட்டன்...”

“அப்ப உயிர் இருந்ததோ?”

பிரதீபன் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டான்.

“கேட்டது கேக்கேல்லையோ? உயிர் இருந்ததோ?”

“முனகினவர்.” பிரதீபன் கதறினான். “தோட்டக்காட்டுக் கிழவன்தானே... ஆர் தேடப் போறாங்கள் எண்டு... வாய்க்காலுக்குள்ள உருட்டி விட்டிட்டன் சேர்!”

அஜந்தன் பாய்ந்தான். இரண்டு கொன்ஸ்தாபிள்கள் சேர்ந்துதான் பிடிக்க முடிந்தது.

சிவரூபி அசையவில்லை. ‘தோட்டக்காட்டு’ என்ற அந்த இழிசொல்லை இந்த மனிதனின் வாயில் எத்தனை தரம் கேட்டுக்கொண்டு சிரித்திருக்கிறாள்! ஒரு நாளாவது ‘அப்படிச் சொல்லாதேங்கோ’ என்று சொல்லியிருக்கிறாளா?

இல்லை.

*

பிரதீபனை உள்ளே போட்டார்கள். அஜந்தனை வெளியே விட்டார்கள்.

அவன் அவளைக் கடக்கும்போது நின்றான்.

“வந்து நுழையேக்கயே ஒருக்கா என்னைப் பாத்திருக்கலாம் ரூபி. நீ பாக்காததுதான் பொலிஸ் அடிச்சதை விட நொந்தது.”

 அவன் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தகப்பனைப் பொறுப்பெடுக்க வேண்டும். போய்விட்டான்.

மேசையில் அட்டைகள் இன்னும் பரவிக் கிடந்தன. விஜிதரன் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்.

“பயப்பிடாதேங்கோ. கொலைக் கேசில எனக்குக் கனக்க வேலை கிடக்கு. அட்டை பாக்க நேரமில்லை.” கடைசி அட்டை பொன்னையாவுடையது. “இவர் உங்கட அப்பாதானே பிள்ளை? கடைசியா ஒருக்காக் கேக்கிறன்.”

“ஆமா,” என்றாள் சிவரூபி. ‘ஓம்’ என்று சொல்லவில்லை.

பொன்னையா துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று காட்டிக்கொண்டார்.

“ஐயா, எனக்கு விளங்காத விசயம் ஒண்டு,” என்றார் விஜிதரன். “முப்பத்தொரு பேருக்கு ஒரே நாள் எப்பிடி வந்தது? எழுதினவன் குடிச்சிருந்தவனோ?”

“அவரு மேல தப்பில்லீங்க. தப்பு என்னுதுதான்.”

“உங்களதோ?”

சிவரூபியும் திடுக்கிட்டாள். இது அவளுக்கே தெரியாத கதை!

“வரிசைல மொத ஆளு நானுங்க. எப்ப பொறந்தேன்னு கேட்டாரு. பெருமழைல லயத்துக் கூரை பறந்த அன்னைக்குன்னேன். தேதி சொல்லுய்யான்னு சத்தம் போட்டாரு. அத்தன பேருக்கு முன்னால தெரியாதுன்னு சொல்ல வெக்கமாப் போச்சுங்க. செவுத்துல காலண்டர் தொங்குச்சு. அன்னைக்கு என்ன தேதியோ அதையே சொல்லிட்டேன். சரின்னு எழுதிட்டாரு. பின்னால காத்தமுத்து. ‘பொன்னையாவுக்கு ஒத்துக்கிட்டாங்க, எனக்கும் அதே போடுங்க’ன்னான். அப்புறம் வந்தவங்க எல்லாரும் அதே, அதேன்னு...”

வெட்கம்! அங்கேயும் அதுதான். அவள் அதைச் சம்பாதிக்கவில்லை. பரம்பரைச் சொத்தாகத்தான் வந்திருக்கிறது. பத்து ஏக்கர்.

விஜிதரன் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு தன் கைபேசியில் ‘மருதவெளி’யைத் தட்டினார். ஒன்பது மணிக்கும் ‘இதே நாளில்’ வராததால் நேற்றையதுதான் கிடந்தது.

“இண்டைக்கு ஒண்டும் போடேல்லையோ பிள்ளை? பெப்ரவரி பன்னிரண்டில வேற ஆர் பிறந்தவை?”

“லிங்கன் சேர். டார்வினும். ரெண்டு பேரும் ஒரே நாள், ஒரே வருசம்.”

பொன்னையா மகள் பக்கம் சாய்ந்தார். யாருக்கும் கேட்காத மாதிரிதான் கேட்டார். எல்லாருக்கும் கேட்டது.

“யாரும்மா அவங்க? நம்ம வரிசைல கடைசியா வந்து நின்னவங்களா?”